அப்பா என்னை இன்டர்வியூ செய்த நாள்

கீழே பேப்பர் வெட்டுகிற மெஷினின் கத்தி இறங்கும்போதெல்லாம் மாடியில் எங்கள் நாற்காலி லேசாக அதிரும். புதுப் பேப்பர் வாசனை படியேறி வந்து வகுப்பு முழுக்க நிற்கும்...

சிவகாசியில் ஒரு பேப்பர் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில்தான் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு வகுப்பு நடத்தியது. டிகிரி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த பெண்களுக்காக. கம்ப்யூட்டர், கொஞ்சம் இங்கிலீஷ், போனில் பேசுவது, இன்டர்வியூவில் உட்காருவது... எல்லாம் சொல்லிக் கொடுத்து, கம்பெனிகளிலும் சேர்த்துவிடுவார்கள். கலா மேடம்தான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் செல்வி, காலேஜ் தோழி. அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேருமே விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார்கள்.

என் அப்பாவுக்குச் சொந்தமாக அச்சகம். பட்டாசுப் பெட்டி, காலண்டர் எல்லாம் அடிப்போம். எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவது என்ற பேச்சே கிடையாது. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். "கம்ப்யூட்டர் கிளாஸ்" என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

வகுப்பு முடிகிற சமயம், மாதிரி இன்டர்வியூ என்று ஒரு நாள் வைத்தார்கள். ஊரில் கம்பெனி நடத்துகிறவர்களை அழைத்து வந்து எங்களைக் கேள்வி கேட்க வைப்பார்கள். யார் வருகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

என் முறை வந்தது. கதவைத் திறந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம், கலா மேடத்துக்குப் பக்கத்தில்... அப்பா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். நான் அவருடைய மகள் என்று மேடத்துக்குத் தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை.

"வாங்க. உக்காருங்க."

என்னைப் பாப்பா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டிராதவர்.

"ஒங்க பேரு?"

"சுதா, சார்."

"வேலைக்கு எதுக்கு வரணும்னு நெனைக்கிறீக?"

வகுப்பில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் பதில் வாயில் வரவே இல்லை. "வீட்ல சும்மா இருக்கப் பிடிக்கல சார். காலையில எந்திரிச்சுக் கெளம்பிப் போறதுக்கு எனக்குன்னு ஒரு எடம் வேணும்."

"அப்பா என்ன செய்றாக?"

"பிரஸ் வச்சிருக்காக."

"அப்ப அங்கனயே வேல பாக்கலாமே?"

"கேட்டதில்ல சார்."

"ஏன் கேக்கல?"

"தர மாட்டாகன்னு நெனச்சேன்."

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அப்பா சொன்னார்: "பதிலு நல்லா இருக்கு. ஆனா மேசையப் பாத்தே பேசுறீக. ஆளப் பாத்துப் பேசணும். நீங்க போகலாம்."

எனக்கு அடுத்துச் செல்வி போனாள். சீசன் நேரத்தில் ஆர்டர் தாமதமாகி, ஆர்டர் கொடுத்த பார்ட்டி போனில் சத்தம் போட்டால் என்ன செய்வாய் என்று அவளிடம் அப்பா கேட்டாராம். "மொதல்ல அவுகளப் பேசி முடிக்க விடுவேன் சார். பெறகு என்னைக்கு லோடு ஏறும்னு உள்ளதச் சொல்லிருவேன்" என்றாளாம்.

அன்று வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். "ஞாயித்துக்கெழம வரட்டுமான்னு கேக்குறாக."

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் அப்பா.

மறுநாள் காலை கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஒன் கூட்டாளி செல்விய ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டேன்."

"அப்ப நானு?"

"நீ வேற கம்பெனிக்குப் போ பாப்பா. எங்கிட்ட இருந்தா ஒன்னைய யாரும் திட்ட மாட்டாக. திட்டு வாங்காம வேல வராது."

அம்மா அடுப்படியில் இருந்து வெளியே வந்துவிட்டாள். "ஊரு என்ன சொல்லும்?"

"வேலைக்குப் போறான்னு சொல்லும்" என்றார்.

அன்று முழுக்க அழுதேன். நினைத்தது கிடைத்துவிட்டது என்று புரியாமல், எங்கள் ஆபீஸில் செல்வி உட்காரப் போகிறாள் என்பதை மட்டுமே நினைத்து அழுதேன். செல்விக்கும் சங்கடம்தான். "நீ வேணாம்னு சொல்லு, நான் போகல" என்றாள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவள் வீட்டில், ஆலைக்குப் போகாத முதல் ஆள் அவள்.

கலா மேடம் என்னை விருதுநகரில் ஒரு மசாலா கம்பெனியில் பில்லிங் வேலைக்குச் சேர்த்துவிட்டார். சேர்ந்த புதிதில் தென்காசிக்குப் போக வேண்டிய லோடை தேனிக்கு அனுப்பி வைத்தேன். எல்லோர் முன்னாலும் மேனேஜர் திட்டினார். பஸ்ஸில் திருத்தங்கல் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்... ஆனாலும் மறுநாள் போனேன்.

சில வருஷம் கழித்து, "இப்ப வா" என்று அப்பாவே கூப்பிட்டார். "செல்வி சொல்றபடி செய்யி" என்று அவளிடம் ஒப்படைத்தார். எங்கள் அச்சகத்தில் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவள் அவள்தான். அதில் எனக்கு இன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எங்களுக்கு வகுப்பு நடத்திய அந்தத் தொண்டு நிறுவனம் இப்போது பெரிய கட்டிடத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளையே பேங்க், ஆஸ்பத்திரி, ஃபேக்டரி என்று கூட்டிப்போய் என்னென்ன வேலை இருக்கிறது என்று காட்டுகிறார்கள். போன மாதம் மாதிரி இன்டர்வியூவில் கேள்வி கேட்கிற ஆளாக நானும் போயிருந்தேன். வெம்பக்கோட்டைப் பெண் ஒருத்தி நான் வாயைத் திறப்பதற்குள், "சம்பளம் எம்புட்டு மேடம், சாயந்தரம் பஸ்ஸுக்கு விட்டுருவீகளா?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்பாவும் நானும் இப்போது நாள் முழுக்கப் பேசிக்கொள்கிறோம். பேப்பர் விலை, ஆர்டர், எந்த மெஷின் நின்றுபோனது... சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான். ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்க, நான் எதிரே உட்கார்ந்து பதில் சொன்ன மாதிரி ஒரு பேச்சு அதற்குப் பிறகு எங்களுக்குள் வாய்க்கவில்லை.

கேட்டால் சொல்ல, இப்போதும் நிறைய இருக்கிறது.