ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள் என்று சிலரைச் சொல்வார்கள். பார்வதியம்மாள் அந்த ரகம். அதனாலேயே அவள்மேல் எனக்குக் கோபம் வரும். ஆரியசாலையில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் ஜாக்கெட் தைக்கிறவள். அவளும் அவள் புருஷன் வீரபாண்டியும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சாலை என்கிற கடைவீதியில் ஒரு சிப்ஸ் கடையில் வேலை பார்த்தார்கள். அவள் நேந்திரங்காய்த் தோலை உரிப்பாள், அவர் சீவிப் பொரிப்பார்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஓணத்துக்கு முந்தின வாரம். சிப்ஸ் வேகும்போது உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயிலேயே தெளிப்பார்கள். வீரபாண்டிக்கு அந்த அளவு தப்பவே தப்பாது. பண்டிகை அவசரத்தில் அன்றைக்கு ஒரு கை கூடுதலாக விழுந்துவிட்டது. எண்ணெய் சீறிப் பொங்கியது. முகத்தை மறைக்க நீட்டிய வலது உள்ளங்கையும் விரல்களும் வெந்துபோயின. கூட இருந்தவர்கள் பக்கத்து ஹோட்டலுக்கு ஓடி, தோசை மாவை வாங்கிவந்து கையில் அப்பினார்கள். அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது. குழாயைத் திறந்து கையைக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் காய்ந்த மாவை நனைத்து நனைத்து எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

ஆழமாகப் போகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், புதுத்தோல் தானே வரும் என்றார் டாக்டர். அங்கே நர்ஸாக இருந்த ரத்னாபாய் சிஸ்டர் களியக்காவிளைக்காரி, தமிழ் பேசுகிறவர். மருந்து தடவி, விரல்களைத் தனித்தனியாகச் சுற்றிக் கட்டிவிட்டுப் பார்வதியம்மாளைக் கூப்பிட்டார்.

"எக்கா, மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி ஒங்க கையிலதான். ஒரு நாளைக்கு மூணு நேரம் ஒவ்வொரு வெரலா நிமுத்தி அமுக்கணும். பத்து எண்ணுற வரைக்கும் விடப்படாது. வேதனை இருக்கும். பாவம் பாத்தா வெரலு சுருண்டு போவும், பொறவு கத்திதான்."

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவை அமுக்கினாள். அவர் "அம்மா" என்றார். உடனே விட்டுவிட்டாள். பிறகு சோறு ஊட்டினாள், தலை சீவிவிட்டாள், மடக்கிய கையைத் தலையணையில் வைத்துப் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் சிஸ்டர், "செய்யுதியளா?" என்று கேட்பார். "செய்யுதேன்" என்று கூசாமல் சொல்வாள். பொய்யே சொல்லாதவள் அவள்.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து வளைந்து நின்றன. சிஸ்டர் திட்டவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், நிமிராவிட்டால் ஆபரேஷன்தான் என்று மட்டும் சொன்னார்.

நான் சும்மா இருப்பேனா? "பாசம் பாசம்னு புருஷன் கையை முடமாக்கப் போறியா?" என்று கேட்டேவிட்டேன்.

"அவரு மொகத்தைப் பாத்துக்கிட்டு என்னால முடியல பிரேமாக்கா" என்று அழுதாள்.

மறுநாள் காலையில் அவள் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வீரபாண்டியை உள்ளே ஜன்னலோரம் உட்காரவைத்து, கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டச் சொன்னாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். இவள் வெளியே நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் கட்டையில் அந்த விரல்களை வைத்து அமுக்கினாள். "ஒண்ணு, ரெண்டு..." ஜெயிலில் புருஷனைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை.

என் தையல் மெஷினிலிருந்து பார்த்தால் அவள் முகம் தெரியும். கண்ணீர் கொட்டும், ஆனால் எண்ணிக்கை நிற்காது. உள்ளேயிருந்தும் சத்தம் வராது. அவருடைய துண்டு கொடியில் காயும்போது பார்த்தேன், ஒரு முனை முழுக்கக் கடித்துக் குதறியிருந்தது.

முதலில் விரலுக்கும் கட்டைக்கும் நடுவே எலுமிச்சம்பழம் நுழையும். பிறகு புளியங்கொட்டை. மாதக் கடைசியில் சிஸ்டர் அந்த உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கத்தி வேண்டாம் எக்கா. ஆனா இது மதி, போதும்னு விட்டிராதுங்க, ஆறு மாசம் செய்யணும்" என்றார்.

அன்று சாயங்காலமும் அதே ஜன்னல். எண்ணிக்கொண்டு வந்தாள். ஏழு என்றதும் கை கட்டையிலிருந்து எழும்பியது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அஞ்சு விரலும் விரிய, கம்பிக்கு வெளியே தடவித் தடவி அவள் கன்னத்தைக் கண்டுபிடித்துத் துடைத்தது.

"ஏழு சொல்லும்போது எப்பவும் ஒன் சத்தம் ஒடையும்ட்டி" என்றார் திரைக்குப் பின்னால். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

அந்தக் கையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எடுத்துக் கட்டையில் வைத்தாள்.

"இன்னும் மூணு இருக்கு" என்றாள். "எட்டு."