வெல்டிங் வைக்காத சைலன்சர்

மாலை ஐந்தே முக்கால் இருக்கும். மேலூரைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் கார் இறங்கி, அடியில் ஏதோ 'டங்'கென்று மோதியது. எண்பத்தைந்தாம் வருடத்து ஐப்பசி மழை. உறவினர் வீட்டுக் காதுகுத்து முடிந்து மதுரை தல்லாகுளத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகன் ஓட்டினான். பின்சீட்டில் நானும் பத்து வயது மகளும். கணவருக்கு ஆபீஸில் வேலை, வரவில்லை.

பதிவு செய்து, காத்திருந்து வாங்கிய புதுக் கார் அது. வந்த மாதமே என் மகனுக்குப் பிக்கப் போதவில்லை. கல்லூரி முடித்த வயது. வேறு சைலன்சர் போட்டால் வண்டி பறக்கும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். என் கணவர் கண்டிப்பானவர்; அவர் குரல் உயர்ந்தாலே மகன் மாடிக்குப் போய்விடுவான். ஆனால் இதற்கு அவர் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"என்னமும் மாட்டிக்க. கம்பெனி பைப்புல வெட்டோ வெல்டிங்கோ விழக் கூடாது. வாரண்டி முடியிற மட்டும் கழட்டி மாட்டுற மாதிரியே இருக்கணும்."

அதனால் புதுச் சைலன்சரை வெல்டிங் வைக்காமல், இணைப்பில் கல்நார்க் கயிற்றைச் சுற்றி, கிளாம்பு போட்டு முடுக்கியிருந்தார்கள். கம்பெனி சைலன்சர் பரணில் கிடந்தது. இலவச சர்வீஸுக்கு முந்தின நாள் அதை இறக்கி மாட்டுவார்கள். சர்வீஸ் முடிந்து வந்ததும் மறுபடி பரணுக்குப் போகும். "பொண்ணு பார்க்க வாராகடா, பழைய நகையப் போட்டு விடு" என்று கேலி பேசிக்கொண்டே கணவர் டார்ச் பிடிப்பார்.

பள்ளத்தில் மோதியபோது மழை வலுத்திருந்ததால் மகன் இறங்கிப் பார்க்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். புகை வாடை வந்தது. அந்தச் சைலன்சர் போட்டதிலிருந்தே வாடை எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். எனக்கும் தலை கனத்தது. விருந்தும் அலைச்சலும்தான் காரணம் என்று நினைத்தேன்.

சற்றுத் தூரத்தில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து சாலைக்கு மேல் தண்ணீர் ஓடியது. பஸ்களும் லாரிகளும் வரிசையாக நின்றன. நாங்களும் நின்றோம். ஈரத்தில் மறுபடி கிளம்பாதோ என்று பயந்து மகன் எஞ்சினை அணைக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீரின் ஆழம் பார்க்க நடந்தவர், எங்கள் காருக்கு அடியிலிருந்து புகை கசிவதைக் கண்டு கண்ணாடியைத் தட்டினார். எனக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. அவரே கதவைத் திறந்தார்.

"தம்பி, எஞ்சினை அணை. ஏம்மா, புள்ளைய எழுப்புங்க."

வெளிக்காற்று பட்டுக் கொஞ்சம் தெளிந்து எழுப்பினேன். எழவில்லை. கன்னத்தில் தட்டினேன். தலை என் கையிலேயே துவண்டு சாய்ந்தது.

அவர் அவளை அள்ளிக்கொண்டு மழையிலேயே ரோட்டோரத்துக்கு ஓடினார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "மொய்க்காதீக, காத்து விடுங்க" என்று ஒரு அம்மாள் அதட்டி, ரோட்டோரத்துச் சகதியில் உட்கார்ந்து, மகளைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். மகள் வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

டிரைவர் மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸையே திருப்பினார். மதுரைக்குப் போக வேண்டிய அத்தனை பேரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. "தண்ணி இப்ப வடியவா போகுது, விடுங்கண்ணே" என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். பள்ளத்தில் மோதியதில் கிளாம்பு நழுவி, பின்சீட்டுக்கு அடியிலேயே புகை கக்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

தல்லாகுளத்தில் போன் இருந்த பக்கத்து வீட்டுக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னோம். தண்ணீர் வடிந்தபின், ஏதோ ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு கணவர் வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் மகன் எழுந்து சுவரோரம் ஒதுங்கினான். அவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அப்பா, கார் அங்கேயேதான்..." என்று மகன் ஆரம்பித்தான். அவர் முடிக்க விடவில்லை.

"உனக்கு மூச்சு சரியா வருதாடா?"

அவனும் அதே புகைக்குள்தான் உட்கார்ந்திருந்தான். அதுவரை அவனிடம் அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் மழைக்கு யாராவது கார்க் கண்ணாடியை ஏற்றினால், எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் கேட்கிறது.