காதரின் கிளட்ச்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எனக்கு எழுத்தும் அவ்வளவு ஓடாது.

கட்டுகஸ்தோட்டையில் நான் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு, சிநேகிதன் காதர் மூன்றாம் தடவையாக வந்தான்.

"கிளட்ச் இன்னமும் இறுக்கமா ஈக்கிது மச்சான்."

கிளட்ச் கம்பியைக் கழற்றி, மறுபடியும் எண்ணெய் விட்டு, பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் பிடி என் ஒற்றை விரலுக்கே அடங்கியது.

"கிளட்ச் நல்லாத்தான் ஈக்கிது. ஒன்ட கைக்குத்தான் சோறு போடணும்!"

கடையே சிரித்தது. காதரும் சிரித்தபடி குனிந்து, சூடான புகைக்குழாயில் இடது கையை ஊன்றினான். தோல் கருகும் நாற்றம் வந்தும் அவன் எடுக்கவில்லை. நான்தான் இழுத்தேன்.

ஆஸ்பத்திரியில் குஷ்டம் என்றார்கள்; கை மரத்து, பிடிக்கும் பலமும் போயிருந்ததாம். மூன்று தடவையும் நான் கம்பியைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

அவனை வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு அனுப்பும் நாளில், "இனி ஒன்னப் பகிடி பண்ண மாட்டேன்டா" என்றேன்.

"பண்ணு மச்சான், அது மட்டுந்தான் இன்னும் நோகுது."