சாமுராய்க்குப் பூசிய ரோஸ் பவுடர்

போன வருடம் ஜனவரியில், ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் தமிழ்க்காரர்களின் பொங்கல் விழா நடந்தது. குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி உண்டு. அந்த முறை தலைப்பு, வரலாற்று நாயகர்கள். வேஷத்தோடு தமிழில் நாலைந்து வரி பேச வேண்டும்.

என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற ரகம். அவள் அப்பாவோடு சேர்ந்து ஒரு வீடியோ கேம் விளையாடுவாள். பழைய ஜப்பானில் நடக்கும் கதை, நாயகன் ஒரு கறுப்பின வீரன். கற்பனை அல்ல, நானூறு வருடங்களுக்கு முன் ஜப்பான் போய், அங்கே ஒரு பிரபுவிடம் வாளேந்திப் பணி செய்த நிஜமான ஆப்பிரிக்கர். "அம்மா, ஹி லுக்ஸ் லைக் மீ!" என்றாள். என் மகள் நல்ல கறுப்பு, என்னைப் போலவே. அவராகத்தான் மேடை ஏறுவேன் என்று அடம் பிடித்தாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

வேஷத்தின் பெயரை விழாவுக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சண்டை பிடித்துக்கொண்டது. அந்த கேமைப் பற்றி இணையம் முழுக்க நடந்த அதே சண்டைதான். ஜப்பான் கதைக்கு ஜப்பான்காரன் கிடைக்கவில்லையா, வேண்டுமென்றே கறுப்பரைத் திணிக்கிறார்கள், அவர் சாமுராயே இல்லை, வெறும் வேலையாள்... சாமுராய் என்கிற போர்வீரர் அந்தஸ்து அவருக்கு இருந்ததா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதைக் கேட்டால் நியாயம். ஆனால் பஞ்சில் நரைமுடி ஒட்டிக்கொண்டு வெள்ளைக்கார விஞ்ஞானிகளாக வரவும் சில பையன்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. எல்லர்ஸ்லி பக்கம் வேலை பார்க்கிற ஆபீஸில் நிறத்தைப் பார்த்துத்தான் புரமோஷன் தரமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்புகிற அதே ஆட்கள்தான் இதையும் எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழாக் குழுவில் இருந்த ஒருவர் போனே செய்துவிட்டார். எங்கள் மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர் என்றுதான் பெயர்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பாப்பா ஏற்கெனவே கலர் கம்மி. இந்த வேஷத்துல வந்தா பசங்க அதையே சொல்லி ஓட்டுவாங்க. பேசாம ஒரு ராணி வேஷம் போட்டு விட்ரு."

சரித்திரம், ஆதாரம் எல்லாம் எங்கே போயிற்று, பாருங்கள். "அவ இந்த வேஷத்துலதாங்க வருவா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

விழா அன்று, அட்டையில் செய்த வாளைக் காரிலேயே விட்டுவிட்டோம். நான் போய் எடுத்து வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து மேக்கப் போடுகிற யாழ்ப்பாணத்து அக்கா, எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல என் மகளுக்கும் பேன்கேக் பூசி, மேலே ரோஸ் பவுடரும் அடித்திருந்தார். முகம் மட்டும் ரோஸ். கழுத்திலிருந்து கீழே அவள் நிறம்.

"ஐயோ அக்கா, இது கறுப்பு வீரர் வேஷம்!"

"ஓம், தெரியும். எண்டாலும் மேடை வெளிச்சத்துக்குப் பிள்ளை இருட்டாத் தெரியுமெல்லோ? அதுதான் கொஞ்சம் வெள்ளையாப் பூசினனான். இப்ப பாருங்கோ, எவ்வளவு வடிவு!"

அவர் பேச்சில் துளி கள்ளம் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. ஈரத் துணி தேடுவதற்குள் மைக்கில் மகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் பேசவேண்டிய வரிகளை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியிருந்தோம். அந்த மனிதருக்கு உண்மையிலேயே நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் அது. மகள் வாளைப் பிடித்துக்கொண்டு, திக்காமல் சொன்னாள்.

"நான் ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு வந்தேன். என் தோலில் மை பூசியிருக்கிறது என்று பிரபு நினைத்தார். தேய்த்துக் கழுவச் சொன்னார். கழுவினார்கள். என் நிறம் போகவில்லை."

அந்த ரோஸ் முகத்தைப் பார்த்து ஹாலே சிரித்தது. முன்வரிசையிலிருந்து யாரோ "அதான் போயிருச்சே!" என்று கத்த, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். 'பிறகு என் கையில் வாளைக் கொடுத்தார்கள்' என்று ஒரு வரி பாக்கி இருந்தது. அதை அவள் சொல்லவே இல்லை. வாளைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். ஆறுதல் பரிசு கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைக்கப் போனேன். "லீவ் இட், அம்மா" என்று கையைத் தட்டிவிட்டாள். அந்தப் பவுடரோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இப்போதும் விளையாடுகிறாள். ஆனால் அந்த ஜப்பான் கேமைத் தொடுவதில்லை. நம் உருவத்தை நாமே அமைத்துக்கொள்கிற வேறொரு கேம். நிறம் தேர்ந்தெடுக்கும் இடம் வந்தால், இருப்பதிலேயே வெளுப்பான நிறத்தை யோசிக்காமல் எடுக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பிரபுவின் ஆட்கள் ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நாங்கள்தான் இன்னும் விடவில்லை.