கருவாட்டுக்கடைப் பாயின் மூச்சு

பந்தலூர் பஜாரிலிருந்து எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போகிற பாதை நெட்டுக்குத்தான ஏற்றம். தேயிலை ஃபாக்டரித் தூசுக்குள்ளேயே வயதைக் கழித்த இசக்கிமுத்துவுக்கு அந்த ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கும். நாலு எட்டு வைத்தால் நிற்க வேண்டும். நிற்கத்தான் அவருக்கு வெட்கம். பின்னால் வருகிற பெண்கள் கூடையும் பிள்ளையுமாக அவரைத் தாண்டிப் போவார்களே!

ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைந்ததும் கருவாட்டுக்கடை ஹபீப் முகமதுவும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். இசக்கிமுத்து கூட வருகிற நாளில் அவருடைய செருப்பு வார் வளைவுக்கு வளைவு அவிழ்ந்துகொள்ளும்.

"சித்த நில்லுங்க அண்ணாச்சி. இந்தச் செருப்பு மானத்த வாங்குது" என்று குனிந்து உட்கார்ந்துவிடுவார். வாரை இழுப்பார், தட்டுவார், மண்ணை உதறுவார். அதற்குள் இசக்கிமுத்துவுக்கு மூச்சு வந்துவிடும்.

"ஒரு நல்ல செருப்பு வாங்கினா என்ன பாய்? கருவாடு வித்து வித்துக் கஞ்சனாப் போயிட்டீங்க" என்று இசக்கிமுத்து கிண்டல் வேறு செய்வார்.

"ஆமா அண்ணாச்சி, நாளைக்கே வாங்கிப்புடணும்" என்பார் ஹபீப் முகமது.

வீட்டு வாசலில் கழற்றி வைத்த அந்தச் செருப்பை அவர் மனைவி நசீரா எடுத்துப் பார்த்திருக்கிறாள். தையல் அசையவில்லை, வார் கல்லுப்போல இருந்தது. அவள் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மலையில் வேறு யாருக்கும் தெரியாது. அது அவளுக்குத் தெரியும்.

ஹபீப் முகமதுவின் ஊர் கீழக்கரைப் பக்கம். வாலிபத்தில் அவர் சங்கு குளிக்கிறவர். இடுப்பில் ஒரு கயிறு, காலில் ஒரு கல், வாயில் பிஸ்மில்லாஹ், அவ்வளவுதான் சாமான். கல் அவரைக் கீழே கொண்டுபோகும். கொஞ்சம் இறங்கியதும் காது குத்தும். மூக்கைப் பிடித்து உள்ளுக்குள் ஊதினால் காது திறந்துகொள்ளும். இன்னும் இறங்கினால் தண்ணீர் நெஞ்சுக்கூட்டை ஒரு கை பிடித்து அமுக்குவதுபோல அமுக்கும். நாடி தானாக மெதுவாகிவிடும், தூங்குகிற பிள்ளையின் நாடி மாதிரி. அல்லாஹ் மனிதனை மண்ணில் படைத்தாலும் தண்ணீருக்கென்று உடம்புக்குள் கொஞ்சம் பொறுமையை ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவர் சொல்வார்.

படகில் கயிற்றைப் பிடிக்கிறவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கூடப்பிறந்தவள் விதவையாக எந்த அண்ணன் தம்பியும் சம்மதிக்க மாட்டான் அல்லவா? ஹபீப் முகமதுவின் கயிற்றை நசீராவின் அண்ணன் ஜலீல் பிடித்தார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஜலீல் அதற்காகக் காத்திருப்பதில்லை. தஸ்பீஹ் மாலையைக் கையில் வைத்து நிதானமாக ஸலவாத் ஓதுவார். மாலையில் பாதி வந்ததும், கயிறு அசைந்தாலும் அசையாவிட்டாலும் இழுத்துவிடுவார். மற்றப் படகுக்காரர்கள் சிரிப்பார்கள். "ஜலீலு மச்சான ஊறப்போட்டுட்டு உருகிப்போறான்டோய்!" ஜலீல் கேட்டுக்கொண்டே ஓதுவார்.

ஜலீல் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் வேறொருவர் கயிறு பிடித்தார். அவர் அசைவுக்காகக் காத்திருந்தார். அசைவு வரவில்லை. சந்தேகப்பட்டு இழுத்தபோது ஹபீப் முகமது கண் திறந்தபடிதான் மேலே வந்தார். தலை தண்ணீருக்கு வெளியே வந்த மறுகணம் துணிபோலத் துவண்டு மறுபடி உள்ளே போனார். முடியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

பிழைத்து வந்தவரிடம் நசீரா கேட்டாள். "ஏன் கயித்த அசைக்கல?"

"தோணல நசீரா. முதல்ல நெஞ்சு துடிக்கும், மூச்சு மூச்சுன்னு கத்தும். அதத் தாண்டிட்டா ஒரு நிம்மதி வரும் பாரு. மூச்சே வேணாம்னு இருக்கும். தண்ணி வெல்லப்பாகு மாதிரி இனிக்கும். பச்ச வெளிச்சம். யாரோ தாலாட்டுற மாதிரி."

அவர் சொல்லும்போது கண் வேறெங்கோ இருந்தது. கடலைவிட அந்தக் கண்ணுக்குத்தான் நசீரா பயந்தாள். சாவு கசப்பாக இருந்தால் மனிதன் திரும்பி வருவான்; இனித்தால்? அன்றைக்கே அவள் பிடிவாதம் பிடித்தாள். கடல் கண்ணில் படாத ஊருக்குப் போக வேண்டும், இனி முங்குவதில்லை என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். அவர் செய்தார்.

இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பந்தலூர் எஸ்டேட்டுகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கருவாடு இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. ஹபீப் முகமது கடை போட்டார். மழைக்காலத்தில் பஞ்சுபோல் மூடுபனி கடைக்குள் புகுந்து மாசிக் கருவாட்டையும் நெத்திலியையும் மூடிவிடும். பனிக்குள் அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எதிரே நின்று பார்த்தால் அவர் கடலுக்கடியில் இருப்பது போலவே இருக்கும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நசீரா உற்றுப் பார்ப்பாள்.

"என்னாங்க, மூச்சு விடுங்க!"

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தாயே. காசு குடுத்துட்டா விடுறேன்?"

அவள் சிரித்துவிடுவாள். இப்படியே வருசங்கள் போயின.

ஒரு மழைக்காலத்தின் கடைசியில், எஸ்டேட் குளத்தில் பம்பின் குழாய்வாயைச் சுத்தம் செய்யப் போன அழகர்சாமி தவறி விழுந்து மூழ்கிப்போனார். பீப்பாய்களைக் கட்டிச் செய்த மிதவை ஒரு பக்கம் சாய்ந்ததாம். ஆட்கள் கொக்கி போட்டுத் துழாவிப் பார்த்தார்கள். அடியில் பிடுங்காமல் விட்ட பழைய மரக்கட்டைகள். கொக்கி கட்டைகளிலேயே மாட்டியது. மலைத் தண்ணீரின் குளிரில் உடம்பு சீக்கிரம் மிதக்காது. அழகர்சாமியின் மனைவி ராக்கம்மா கரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முந்தின நாளும் அங்கேதான், அன்றைக்கும் அங்கேதான்.

இசக்கிமுத்து கடைக்கு வந்தார். கேட்க வந்தவர் கேட்காமல் நெத்திலியைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ஹபீப் முகமது.

"மொகத்தப் பாக்காம தண்ணிக்கே விட்டுட்டு எந்திரிக்க மனசு வரலைங்குது பாய், அந்தப் புள்ள. நீங்க கடல்ல எறங்கினவரு…"

ஹபீப் முகமது தராசைக் கீழே வைத்தார். திரும்பி நசீராவைப் பார்த்தார். சத்தியம் அவளிடம் இருந்தது. அவளுக்கு அந்தக் கண் நினைவு வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் தானும் ஒருநாள் கரையில் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டியவள்தானே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"போங்க. ஆனா கயித்த நாந்தான் பிடிப்பேன்" என்றாள்.

"நான் பிடிக்கிறேன்மா, பொம்பளப் புள்ள நீங்க எதுக்கு?" என்றார் இசக்கிமுத்து.

"எங்க அண்ணன் ஜலீல் காக்கா இங்க இல்ல. நான் பொறந்த ஊட்டுப் பக்கத்துல இருந்து ஒரு ஆளு வேணும். நாந்தான் இருக்கேன்."

வெள்ளைத் துப்பட்டி போர்த்தாமல் தெருவில் இறங்காத நசீரா, அன்றைக்கு அதை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அத்தனை ஆண்கள் பார்க்க மிதவையில் ஏறி நின்றாள். ஒரு கையில் கயிறு, மறு கையில் தஸ்பீஹ். காலில் கட்ட ஆட்டுக்கல் குழவி ஒன்றை லயத்திலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். குளம் பால் காய்ச்சினது போலப் பனி விட்டுக்கொண்டிருந்தது.

முதல் தரம் இறங்கினார். குளிர் பட்டதுமே உடம்பு தானாக 'ஹா' என்று வாய் திறக்கப் பார்த்ததை மேலே வந்து சொன்னார். "கடல் இப்படி இல்ல நசீரா. இது கடிக்குது." இரண்டாம் தரமும் இறங்கினார். ஏழெட்டுப் பாகம், ஏழெட்டு ஆள் ஆழம், அடியெல்லாம் சகதி, ஒன்றும் தட்டுப்படவில்லை.

"நீ பாதியிலயே இழுத்துடுறே. இந்தத் தடவ முழு மாலையும் ஓது" என்றார்.

"அண்ணன் பாதிதான் ஓதுவாங்க."

"ஒங்க அண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி."

"அந்தப் பயந்தாங்கொள்ளியாலதான் இங்க நிக்கிறீங்க. எறங்குங்க."

மலைக்காற்று மெலிசு. நெஞ்சு நிறைந்த மாதிரியே அவருக்கு இல்லை. அதனால் மூன்றாம் தரம் இறங்குமுன் வாலிபத்தில் செய்ததுபோலவே செய்தார். அதைவிட அதிகமாகவே செய்தார். துருத்தி ஊதுகிறது மாதிரி வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டார், இழுத்து விட்டார், விரல் நுனி மரத்துப்போகிற வரைக்கும். பிறகு ஒரு பெரிய மூச்சோடு முங்கினார். கயிறு நசீராவின் விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடி, நின்றது.

அவள் ஓதினாள். பனி மிதவையைச் சுற்றி வந்தது. கரை தெரியவில்லை, தேயிலைச் சரிவு தெரியவில்லை. உலகத்தில் அந்தக் கயிறு ஒன்றுதான் இருந்தது. பாதி மாலை வந்தது. இழுக்கக் கை தூக்கினாள். அப்போது பனி கொஞ்சம் விலகி, கரையில் ராக்கம்மாவின் முகம் தெரிந்தது. அந்தக் கண்கள் கயிற்றின்மேலேயே இருந்தன. நசீராவின் மனசு இளகியது. மாலையில் இன்னும் சில மணிகள், அவ்வளவுதானே? தள்ளினாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

கயிறு அசையவில்லை. அது அடங்கிக் கிடந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தொட்டிலில் பிள்ளை சத்தமில்லாமல் கிடந்தால் தாய்க்கு வருமே, அப்படி ஒரு திடுக்கம் வந்தது. 'யா அல்லாஹ்!' என்று இழுத்தாள். கயிறு வரவில்லை. கீழே எதையோ பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. மிதவையில் கூட நின்ற இசக்கிமுத்தும் பாய்ந்து பிடித்தார். இரண்டு பேருமாக இழுக்க, சட்டென்று லேசாகி மேலே வந்தது.

ஹபீப் முகமதுவின் தலை தண்ணீரைப் பிளந்து வந்தது. கண் திறந்திருந்தது. நசீராவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே உதடு நீலமாகி, கழுத்து தொங்கி, உள்ளே போகத் தொடங்கினார்.

நசீரா மயிரைப் பிடித்தாள், இசக்கிமுத்து அக்குளைப் பிடித்தார். மிதவையில் போட்டார்கள். மயங்கி வருகிறவரை எப்படி எழுப்புவது என்று அண்ணன் சொல்லியிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. கன்னத்தில் தட்டினாள், முகத்தில் ஊதினாள், காதுக்குள் கத்தினாள். "மூச்சு எடுங்க! என்னாங்க, மூச்சு எடுங்க!" ஒரு கொக்கரிப்பு மாதிரி சத்தத்தோடு மூச்சு வந்தது.

இறுக்கி மூடிய அவர் கையை விரித்தபோது காக்கிச் சட்டையின் ஒரு கிழிசல் இருந்தது. "இருக்காரு. கட்டைக்கு இடையில. இன்னொரு தரம்…" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

கரையிலிருந்து ராக்கம்மா கத்தினாள். "வேணாம் பாய்! போதும்! இன்னொரு பொம்பள இங்கன வந்து குந்த வேணாம்!"

இடம் தெரிந்துவிட்டதல்லவா? அவர் கை காட்டிய இடத்தில் கொக்கியை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அழகர்சாமி வந்துவிட்டார். ராக்கம்மா முகத்தைப் பார்த்தாள், துடைத்தாள், வாய்விட்டு அழுதாள். முறைப்படி அடக்கம் நடந்தது.

எஸ்டேட் டாக்டர் பிறகு நசீராவிடம் விவரம் சொன்னார். "வேகமா மூச்சு வாங்கினா உள்ள காத்து அதிகமாகாதும்மா. உடம்புக்குள்ள சேர்ற கெட்ட காத்துதான் வெளிய போகும். அந்தக் கெட்ட காத்துதான் மூச்சு விடு, மூச்சு விடுன்னு மணி அடிக்கிறது. அத விரட்டிட்டா மணி அடிக்காது, நல்ல காத்து தீர்ந்தது ஆளுக்கே தெரியாது. ஆழத்துல தண்ணி அமுக்குறதால இருக்கிற கொஞ்சம் காத்தும் ரத்தத்துல ஏறும். மேல வர வர அமுக்கம் விடும், மூளைக்குப் போறது நின்னுடும். அதனாலதான் கரை கண்ட நேரத்துல மயங்கி விழுறாங்க." தஸ்பீஹில் இன்னும் சில மணி தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. அந்தச் சில மணிகளுக்காக அவள் தொழுகையில் நெடுநாள் மன்னிப்புக் கேட்டாள்.

ஆனால் அவளை அரித்தது வேறு ஒன்று. கயிறு வர மாட்டேன் என்றதே, அவர் பிடித்துக்கொண்டிருந்தது அழகர்சாமியின் சட்டையையா, அந்த இனிப்பையா? மேலே வந்து சிரித்தாரே, அது யாருக்கான சிரிப்பு? அந்தப் பச்சை வெளிச்சத்தை விட்டுத் தன்னிடம் வந்ததில் அவருக்குச் சம்மதமா? பக்கத்தில் படுத்திருக்கிறவரிடம் இதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடை திறந்தார், கருவாடு விற்றார், பனிக்குள் உட்கார்ந்தார். மகளுக்கு நிக்காஹ் செய்து வைத்தார். தாடி நரைத்தது.

ஜலீலுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தபோது ஹபீப் முகமது மட்டும் ஊருக்குக் கிளம்பினார். நசீராவுக்கு முழங்கால் வீக்கம், அத்தனை தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. அங்கே போய் மச்சானுக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். ஜலீல் தேறி எழுந்தார். பார்த்துக்கொள்ளப் போனவர்தான் ஒரு விடியலில், ஃபஜ்ரு தொழுகை நேரத்தில், தூக்கத்திலேயே, யாருக்கும் சிரமம் வைக்காமல் போய்விட்டார்.

கிளம்பின அன்றைக்குப் பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் நசீரா ஜன்னலுக்குக் கீழே நின்றாள். மாத்திரை, சால்வை, தண்ணீர் எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஹபீப் முகமது ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவள் துப்பட்டியின் நுனியைப் பிடித்தார்.

"அன்னைக்கி நீ இழுத்தப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு நசீரா. அங்கனயே கிடந்துடலாம்னு இருந்துச்சு. மேல வந்து ஒன் மொகத்தப் பாத்தேன். நல்லவேள இழுத்தாளேன்னுதான் சிரிச்சேன். அதுக்குள்ள மயக்கம் வந்துடுச்சு, சொல்ல முடியல. பெறகு சொல்லலாம் சொல்லலாம்னே இருந்துட்டேன். சரி, மழ வருது, நீ ஊட்டுக்குப் போ."