காதைப் பொத்திக்கொண்டவர்

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். திருப்பாலைக்குடிக் கரையில், வலையில் சிக்கிய கடல்பசு ஒன்று உயிரோடு கிடந்தது. கறி வாங்க நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். மதுரையில் விலங்கியல் நடத்தும் பேராசிரியர் ஒருவர் அதன் மண்டையோட்டைக் கேட்டு வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை சுருட்டிய பேன்ட். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார், நடந்துகொண்டேதான் பேசுவார். பார்த்த எங்களுக்குத்தான் கால் வலித்தது.

“இந்த வகைக்குப் பேரே கிரேக்கக் கதையிலேர்ந்து வந்தது. சைரன்னு கடல் மோகினிங்க. பாட்டுப் பாடியே கப்பல்காரங்களை இழுத்துக் கொன்னுடுவாங்க. தப்பிச்சவங்க காதுல மெழுகை வச்சு அடைச்சுக்கிட்டாங்களாம்.”

கத்தியோடு நின்ற பாய் ஈரச் சாக்கை எடுத்துக் கடல்பசுவின் கண்களை மூடினார்.

“இது பாடாது சார். கண்ணுலதான் தண்ணி விடும். அதைப் பாத்துட்டா கை வராது. அதான் இங்கன அது கண்ணை மூடிட்டுத்தான் பிஸ்மி சொல்லி அறுக்கறது.”

பேராசிரியர் அப்போதுதான் நின்றார். பாய் குனிந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். மண்டையோட்டுக்குத் திரும்பி வரவேயில்லை.

கடல்பசு கடைசிவரை ஒரு சத்தமும் போடவில்லை. அவர் காதில் என்ன விழுந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.