அண்ணன் படகு ரிப்பேர் என்று சொன்னேன்

என் மனைவியின் தங்கை குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் எங்களைவிட அதிகம் சந்தோஷப்பட்டவன் என் அண்ணன்தான். அவர்கள் திருப்பூர்ப் பக்கம். சகலைக்குச் சாயப்பட்டறையில் வேலை. லீவு கிடைப்பதே அபூர்வம். பிள்ளைகள் இரண்டும் கடலை நேரில் பார்த்ததில்லை. பெரியவன் தினமும் போனில் என் மனைவியிடம், "பெரியம்மா, அலை எத்தனை உசரம் வருமுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணன் இருப்பது நெட்டுக்குப்பத்தில். எண்ணூர் முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடிக்கிறவன். நானும் அங்கே பிறந்தவன்தான். படித்து, ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, அந்த வேலையாகத் திருப்பூர் போன இடத்தில் பழகி இவளைக் கட்டிக்கொண்டேன். இப்போது திருவொற்றியூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். அண்ணன் வீட்டுக்குப் பைக்கில் போக அதிக நேரம் ஆகாது. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை போனால் பெரிது.

"குட்டிங்கள நான் போட்ல கூட்டிகினு போறேன்டா" என்றான் அண்ணன் போனில். "முகத்துவாரம் வரிக்கும் ஒரு ரவுண்டு. அலையாத்திச் செடியாண்ட நாரையெல்லாம் வந்து குந்திகினு கீது. பாத்தா குஷியாயிடும் அதுங்க. மதியம் நம்ம வூட்லயே சாப்பாடு. உங்க அண்ணி இப்பவே இன்னா சமைக்கிறதுன்னு ரோசன பண்ணிகினு கீறா."

சரி என்றுதான் சொன்னேன். அப்போது மனதில் வேறு எதுவும் இல்லை.

அவர்கள் வருவதற்கு முந்தைய ஞாயிறு, எந்த இடத்தில் பிள்ளைகளைப் படகில் ஏற்றுவது என்று பார்த்து வரலாமே என்று நெட்டுக்குப்பம் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. நேராகக் கரைக்கு இறங்கினேன். சின்ன வயதில் அந்தத் தண்ணீரில்தான் பொழுதுக்கும் கிடந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் அதைச் சகலையின் கண்ணால் பார்த்தேன். கரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கற்களில் தார் மாதிரி எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. பாட்டில்கள், கிழிந்த வலை, ஒற்றைச் செருப்பு. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து காற்று வீசியபோது அழுகிய முட்டை வாடை வந்தது. வழக்கமான வாடைதான். அன்றைக்குத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இதையா காட்டப் போகிறோம்? கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் உட்கார்ந்து, "எங்க வீட்டு வாசல்லயே கடல்" என்று நான் பெருமையடித்தது ஞாபகம் வந்தது. அண்ணனுக்குக் காத்திருக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், வேன் ஒன்று பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகலாம், அங்கே படகுச் சவாரி இருக்கிறது, பீச் இருக்கிறது என்றேன்.

"உங்க அண்ணன் ஆசையாச் சொன்னாரே" என்றாள்.

"அங்க என்ன இருக்கு பாக்கறதுக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் அத்தனை தடவை போயிருக்கேன். எனக்கு ஒண்ணும் தோணலையே" என்றாள்.

அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள்தான் போன் செய்து, அண்ணனிடம் ஒன்றும் சகலையிடம் ஒன்றுமாகச் சொன்னேன். அண்ணனிடம், "பிள்ளைங்க போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டு அந்தப் பக்கம்தான் போகணும்னு அடம் பிடிக்குதுங்க. நீயும் அண்ணியும் எங்களோட வேன்ல வந்துடுங்க" என்றேன். சகலையிடம், "அண்ணன் படகு என்ஜின் ரிப்பேர். அதான் வேற இடம்" என்றேன். இரண்டும் சின்னப் பொய். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

அண்ணன் போனில் கொஞ்சம் தயங்கினான். "அப்டியா? சர்தான், அதுங்க ஆசதானே முக்கியம்" என்றான். அண்ணிக்கு வேலை இருப்பதால் தான் மட்டும் வருவதாகச் சொன்னான்.

அவர்கள் ராத்திரி ரயிலில் வந்தார்கள். விடிந்ததும் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். அங்கிருந்து கடல் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் மணல் கிடையாது. கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுல எந்த வழியா எறங்கறதுங்க?" என்றாள்.

"இன்னிக்கு நல்ல பீச்சுக்குப் போறோம்" என்றேன்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்திருந்தான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். பிள்ளைகள் உடனே அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். 'போட்டு பெரியப்பா' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேன் நகரவே இல்லை. ராயபுரம் தாண்டுவதற்குள் சின்னவள் வாந்தி எடுத்தாள். அண்ணன்தான் அவளை மடியில் போட்டுக்கொண்டு விசிறிக்கொண்டு வந்தான். ஊரைத் தாண்டிப் படகுச் சவாரி இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். விடுமுறை நாள் கூட்டம். வரிசை வெளியே ரோடுவரை வந்திருந்தது. கவுண்டரை நெருங்கியபோதுதான் தெரிந்தது, காற்று அதிகமாக இருப்பதால் என்ஜின் படகுகளை நிறுத்திவிட்டார்கள், காலால் மிதிக்கும் படகு மட்டும்தான் என்று. திரும்பிப் போக மனசில்லாமல் டிக்கெட் வாங்கினேன்.

அன்னப்பறவை வடிவப் படகு அது. கழுத்தில் பெயின்ட் உரிந்து உள்ளே இருக்கும் பைபர் தெரிந்தது. முன்னால் அண்ணனும் சகலையும், பின்னால் பிள்ளைகள். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறக்கூடாது என்றார்கள். அண்ணனின் மார்புக்கு எந்த ஜாக்கெட்டும் பத்தவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் முட்டி கொடுத்து வாரை இழுத்துக் கட்டினார். நாங்கள் கரையில் நின்றோம்.

அண்ணனுக்குப் பெடல் வரவில்லை. சகலை ஒரு வேகத்தில் மிதிக்க, அவன் ஒரு வேகத்தில் மிதிக்க, அன்னப்பறவை நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கால் மடங்கி வலித்ததோ என்னவோ, அண்ணன் எழுந்து நின்றான். உடனே மைக்கில் சத்தம் வந்தது. "அந்த வாத்து போட்டு! வெள்ளச் சட்ட பெரியவரே! எந்திரிக்காதீங்க! உக்காருங்க! தண்ணின்னா வெளையாட்டா உங்களுக்கு?"

அவன் சட்டென்று உட்கார்ந்துகொண்டான். அவனும் சிரித்தான். கரையில் இருந்த எங்களைப் பார்த்துக் கையாட்டினான். என் மனைவி சிரிக்கவில்லை. கைப்பையில் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். நான் கையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத் தேங்கிக் கிடந்தது. கயிறு கட்டிய எல்லைக்கு மேல் போக முடியாது. கரைக்கு வந்ததும் பெரியவன், "அவ்வளவுதானுங்களா?" என்றான். அவன் தொடையில் அம்மா கிள்ளினாள்.

பக்கத்தில் சவுக்கு மரங்களுக்குக் கீழே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். எல்லாருக்கும் களைப்பு. பேச்சுக் குறைந்திருந்தது. யாராவது பேச வேண்டுமே என்றுதான் சகலை கேட்டிருப்பான். நல்ல மனுஷன் அவன். புளிசாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஏனுங்ணா, உங்க போட்டு சரியாயிடுச்சுங்களா? என்ஜின் ரிப்பேர்னு சொன்னாங்க. பசங்களுக்கு உங்க போட்டுல வரோணும்னுதான் ஆசை" என்றான்.

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன்.

அண்ணன் சகலையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். எதிரே வருகிறவரை யாரென்று அடையாளம் பிடிக்கப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான். பிறகு சகலையிடம் திரும்பி, "இன்னும் இல்ல சார். என்ஜின் ரொம்ப பேஜாரு பண்ணிகினு கீது. மெக்கானிக்கு வரேன் வரேன்றான், வர்ல" என்றான்.

"அடடா" என்றான் சகலை.

"அடுத்த தபா வாங்க. கண்டிப்பா கூட்டிகினு போறேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னவளின் தட்டில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டான்.

அதன்பின் பீச்சுக்குப் போனோம். அலை அதிகமாக இருக்கிறதென்று யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை. போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். தள்ளி நின்றுதான் பிள்ளைகள் கடலைப் பார்த்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது எல்லாரும் வேனில் தூங்கிவிட்டார்கள். அண்ணன் மட்டும் விழித்திருந்தான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். திருவொற்றியூரில் இறங்கியதும், பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு, "வரேன்டா" என்றான். "மேல வந்து டீ குடிச்சுட்டுப் போ ண்ணா" என்றேன். "உங்க அண்ணி தனியா கீறா" என்று போய்விட்டான்.

விருந்தாளிகள் ஊருக்குப் போனபின் நாலைந்து நாள் நான் நெட்டுக்குப்பம் போகவில்லை. போன் செய்யவும் பயமாக இருந்தது. கடைசியில் மனைவிதான், "நீங்களா போறீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள்.

போனபோது அண்ணி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "வா தம்பி" என்றாள். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அண்ணன் கரையில் இருப்பதாகச் சொன்னாள். போனேன்.

படகு கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே பலகைமேல் பழைய சோபா மெத்தைகள் இரண்டு, கயிறு போட்டுக் கட்டியபடி இருந்தன. வெயில் படாமலிருக்க நான்கு மூங்கில் நட்டு, மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் அந்தப் பக்கமிருந்து தார்ப்பாய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ண்ணா" என்றேன்.

"இன்னாத்துக்குடா அப்டி சொன்ன?"

"அவங்க என்ன நெனைப்பாங்களோன்னு..."

"வெக்கமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து, "ஆமாண்ணா" என்றேன்.

அவன் முடிச்சை அவிழ்த்து முடித்தான். தார்ப்பாயை மடித்துக்கொண்டே சொன்னான். "எனுக்கு மட்டும் இல்லியா? அதான் நானும் உங்க அண்ணியும் ரெண்டு நாளு குந்தி கரையெல்லாம் கிளீன் பண்ணோம். பாட்டிலு, கவரு, கண்ணாடி எல்லாத்தயும் வாரி அப்பால போட்டோம். கல்லுல ஒட்டிகினு இருந்த எண்ணெயக் கூட மண்ணெண்ணெ போட்டுத் தேச்சா அவ. போவல." தார்ப்பாயைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்ட சொல்லிகீலாம்டா நீ. சொல்லியிருந்தா நானே வோணாம்னுட்டிருப்பேன். உன் சகலை கேக்கசொல்ல எனுக்கு ஒண்ணுமே ஓடல" என்றான்.

நான் பார்த்துவிட்டு ஓடிவந்தேனே, அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் அவர்கள் சுத்தம் செய்திருக்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போது கரையில் மறுபடியும் குப்பை ஒதுங்க ஆரம்பித்திருந்தது.

"மன்னிச்சுடுண்ணா" என்றேன்.

"விட்றா" என்றான். ஆனால் அவன் விட்டுவிட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். அண்ணி இரண்டாம் முறை குழம்பு ஊற்றினாள். வழக்கம்போல எல்லாம் பேசினோம். எப்போதும் முதலில் கேட்கிற என் வேலையைப் பற்றி மட்டும் அண்ணன் கேட்கவில்லை.

சகலையிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பல மாதம் ஆயிற்று. பொங்கலுக்குத் திருப்பூர் போயிருந்தபோது, மாடியில் இருவரும் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். படகு ரிப்பேரே ஆகவில்லை, எங்கள் ஊரைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது என்றேன்.

"நீங்க இங்க இத்தன தடவ வந்திருக்கீங்க" என்றான். "என்னிக்காவது நான் உங்கள ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயிருக்கனுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. கோயிலுக்கு, கடைவீதிக்கு, அணைக்கு எல்லாம் போயிருக்கிறோம். அவன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றைப் பார்த்ததில்லை.

"எங்க பட்டறைத் தண்ணி போற ஆறுங்க அது. ஒரு நாளைக்கு ஒரு கலர்ல போகும்" என்றான். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் என்னைத் தேற்றத்தான் சொன்னான், அது புரிந்தது. ஆனால் அவன் மறைத்தது தன் வேலையை. நான் மறைத்தது என் அண்ணனை. இரண்டும் ஒன்றில்லை.

கோடை விடுமுறைக்கு மறுபடி வரச்சொல்லிக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அண்ணன் படகுதான் என்று அடித்துச் சொன்னேன். பிள்ளைகள் ஏற்காடு போக வேண்டும் என்கிறார்களாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் சகலை. அண்ணனிடம் அதைச் சொன்னபோது, "ஏற்காடு நல்லா இருக்குமாண்டா?" என்று கேட்டான். நான் போனதில்லை என்றேன்.

"அப்ப நாமளும் ஒரு தபா போலாம்" என்றான். "உங்க அண்ணி எங்கயுமே போனதில்ல."

அடுத்த மாதம் நால்வரும் போவதாக இருக்கிறோம். ரயில் டிக்கெட்டை நான்தான் எடுத்திருக்கிறேன்.